புள்ளி நின்ற இடம்

வேன்காரருக்கு முதலில் போனது பசிதான். பசி போனால் வீட்டில் யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? வெயிலுக்கு வாய்க்குப் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னார், மனைவியும் சரியென்று விட்டுவிட்டாள். அப்புறம் தூக்கம் போனது. அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது, மின்விசிறி சத்தம் போடுகிறதாம். காது போனபோதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். காது கேட்காமல் போகவில்லை, இல்லாததெல்லாம் கேட்க ஆரம்பித்தது. குழாயைத் திறந்தால் போன் அடிக்கிறது என்பார். அவள் தையல் மிஷினை மிதித்தால் போன் அடிக்கிறது என்பார். சோற்றில் கை வைத்தவர் பாதியில் நிறுத்திவிட்டுச் சட்டைப்பையைத் தொடப்போவார். சட்டையே போட்டிருக்க மாட்டார். வெறும் மார்பைத் தடவிவிட்டு அசடு வழியச் சிரிப்பார்.

அவர் ஓட்டுவது பள்ளிக்கூட வேன். சொந்த வண்டிதான், பள்ளிக்கூடத்தோடு ஒப்பந்தம். பிள்ளைகளுக்கு அவர் வேன் மாமா, பெற்றவர்களுக்கு வேன்காரர், மனைவிக்கு ‘என்னங்க’. இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைக்கும் நகக்கீறல் பட்டதில்லை. வீட்டு ஆள் வாசலுக்கு வந்து கையை நீட்டினால்தான் பிள்ளையை இறக்குவார். கதவு பூட்டியிருந்தால் பிள்ளையை வண்டியிலேயே வைத்துக்கொண்டு மற்ற வீடுகளை முடித்துவிட்டுத் திரும்பி வருவார். யாரும் போட்ட சட்டமில்லை அது, அவராக வைத்துக்கொண்டது.

போன வருஷம் பள்ளிக்கூடத்தில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து டிரைவர் சீட்டுக்கு அடியில் பொருத்தினார்கள். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். அன்றிலிருந்து வண்டி எங்கே போனாலும் பெற்றவர்களின் போனில் ஒரு நீலப் புள்ளியாக ஊர்ந்தது. வேன்காரரின் போனிலும் அதையே போட்டுக்கொடுத்தார்கள். கூடவே ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேரே இரண்டு பொத்தான். ஏறினால் ஒன்றை அமுக்க வேண்டும், இறங்கினால் மற்றது. அமுக்கியதும் பெற்றவர்களுக்குச் செய்தி போய்விடும். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது? முன்பெல்லாம் வண்டி தாமதமானால் வாசலில் நின்று தெருமுனையைப் பார்ப்பார்கள். வந்ததும், ‘என்ன, இன்னைக்குக் கூட்டமா’ என்று கேட்பார்கள், அதோடு சரி. இப்போது தெருமுனையை ஒருவரும் பார்ப்பதில்லை. புள்ளியைத்தான் பார்த்தார்கள், கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார்கள். புள்ளி சிக்னலில் நின்றால் போன். ரயில்வே கேட்டில் நின்றால் போன். டவர் கிடைக்காமல் புள்ளி உறைந்துபோனால், வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாலும் போன். ஏன் இவ்வளவு வேகம் என்று ஒரு அப்பா கேட்டு வைத்த கையோடு, ஏன் இப்படி உருட்டுகிறீர்கள் என்று இன்னொரு அம்மா கேட்பாள். இருவரும் பார்த்தது ஒரே புள்ளியை.

போதாததற்குப் பெற்றோர் குழு என்று ஒன்று. பொழுது விடிந்தால் பூப்படம், தத்துவம், காணாமல்போன தண்ணீர் பாட்டில், யாரோ யாரையோ கிள்ளிய வழக்கு. ஒவ்வொன்றுக்கும் டிங், டிங் என்று பிராணனை வாங்கும். எதில் தன் பெயர் இருக்கும் என்று தெரியாததால் வேன்காரர் எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். பூப்படத்தைக்கூட உற்றுப் பார்த்தார், பாவம்.

ஒருநாள் காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. கையெல்லாம் வியர்வை, ஸ்டியரிங் வழுக்குகிறது. ஓரமாக நிறுத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புள்ளி நின்றுவிட்டதல்லவா, உடனே பள்ளிக்கூட ஆபீசிலிருந்து போன், வண்டி ஏன் அங்கே நிற்கிறது என்று. மூச்சு வாங்கிக்கொண்டே, டயரில் காற்றுப் பார்க்கிறேன் சார் என்று பொய் சொன்னாராம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

டாக்டர் நல்ல மனிதர். மார்பில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது, இது பதற்றம்தான் என்றார். போனைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று, உப்பைக் குறைக்கச் சொல்வதுபோலச் சொன்னார். ஒரு மாத்திரையும் எழுதினார். அதைப் போட்டால் கண் சொக்கியது. ஊரார் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவன் கண் சொக்க உட்கார முடியுமா என்று இரண்டாம் நாளே அதைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டார். அதற்கு அடுத்த வாரம்தான், வண்டியை விற்றுவிடலாமா என்று கேட்டார். சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, பருப்பில் உப்பு கம்மி என்று சொல்கிற குரலில் கேட்டார்.

அந்த வண்டி இல்லாத அவரை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் போய் அதைத் துடைத்துவிட்டு வருகிற மனிதர். மிஷின் முன்னால் உட்கார்ந்து அரைநாள் யோசித்தாள். அவள் வீட்டிலேயே தைப்பவள். யூனிபார்ம், குழந்தைகள் கவுன், இடுப்பு பிடித்துவிடுவது, பிரித்துவிடுவது. எந்நேரமும் வீட்டில்தான் இருக்கிறாள். பெட்டி வண்டியில் இருக்கிறது, புள்ளி அதுபாட்டுக்கு ஓடும். போன் வண்டியில் இருந்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

“நாளையிலேருந்து போன இங்க வெச்சிட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன்,” என்றாள்.

“பொத்தான் யாரு அமுக்குவா?”

“நாந்தான். புள்ளி எந்த வீட்ல நிக்குதோ அந்தப் பிள்ளைக்கு அமுக்கிட்டா போச்சு. எனக்குத் தெரியாத வீடா?”

அவருக்கு அரை மனசுதான். ஆனாலும் மறுநாள் போனை மிஷின்மேல் வைத்துவிட்டுப் போனவர், வாசலைத் தாண்டும்போதே தோளை ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டார். மூட்டை தூக்குகிறவர் மூட்டையை இறக்கிய பின் செய்வாரே, அந்தக் குலுக்கல். அதைப் பார்த்ததும், தான் செய்தது சரிதான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

ஒரு மாதத்தில் மனிதர் தேறிவிட்டார். முட்டை இன்னொன்று இருக்கா என்று கேட்டார். மதியம் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். குழாயைத் திறந்தால் தண்ணீர் மட்டும் வந்தது. பிள்ளைகளோடு சேர்ந்து வண்டியில் பாடுகிறாராம், ஒரு வாண்டு வந்து கோள்மூட்டியது. போன் எடுக்க வண்டியில் ஆள் வைத்துவிட்டார் போலிருக்கிறது என்று பெற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவளும் அதைத் திருத்தவில்லை. கேட் மூடியிருக்கும்மா, இதோ இப்ப வந்துடும்மா, அண்ணன் பத்திரமா ஓட்டுவாரு சார் என்று பதில் சொல்லிச் சொல்லி வாய் அதுவாகவே பேசப் பழகிவிட்டது. யார் எந்தத் திருப்பத்தில் கூப்பிடுவார்கள் என்பதுகூட மனப்பாடம். அதிகம் கூப்பிடுகிறவள் குண்டூசியின் அம்மா. குண்டூசி என்பது வேன் மாமா வைத்த பெயர், ஒல்லியாக, சின்னத் தலையோடு, சீட்டுக்கும் சீட்டுக்கும் இடுக்கில் விழுந்தால் தேட வேண்டியிருக்கும் என்பதால். அப்பா வெளியூரில் வேலை. அம்மா ஏதோ கம்பெனியில் நாளெல்லாம் போனில் புகார் கேட்கிற வேலை பார்த்தாள். மாலையில் பிள்ளையைக் கீழ்வீட்டு அம்மா வாங்கி வைத்துக்கொள்வாள்.

ஆனால் அந்த மூட்டை எங்கே போகும்? இறக்கிய இடத்தில்தானே கிடக்கும். இப்போது நூல் அறுந்தால் இவளுக்கு நெஞ்சு படக்கென்றது. கத்தரிக்கோல் கீழே விழுந்தால் உடம்பு தூக்கிப் போட்டது. ஒரு சட்டைக்கு இடது கையை வலதில் வைத்துத் தைத்துவிட்டு, பிரித்து, மறுபடியும் இடதையே வலதில் வைத்தாள். அடுப்படியில் நின்றால் புள்ளியைப் பார்க்க முடியாது என்று மத்தியானச் சாப்பாட்டை ரொட்டியோடு முடித்துக்கொண்டாள். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. அவர் தூங்குகிறாரே, அது போதாதா? ஒருவர் தூங்குகிற வீட்டில் இன்னொருவர் விழித்திருப்பது ஒன்றும் புதிதில்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். அலுப்பு மட்டும் எலும்புவரை இறங்கிக் கிடந்தது.

அன்றைக்கு மதியத்திலிருந்தே மழை. பலத்த மழையில்லை, விடாத மழை. இப்படிப்பட்ட நாளில் போன் ஓயாது என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வண்டி கிளம்பியதும் மிதிப்பதை நிறுத்திவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டாள். புள்ளி மஞ்சள் கேட் வீட்டில் நின்றது, இரட்டைப் பிள்ளைகளுக்கு அமுக்கினாள். பேக்கரி மாடியில் நின்றது, அமுக்கினாள். குண்டூசி வீட்டில் நின்றது. கொஞ்சம் அதிக நேரமே நின்றது. மழையில் குடை பிடித்து இறக்குகிறார் போல என்று நினைத்துக்கொண்டே ‘இறங்கியாச்சு’ என்பதை அமுக்கினாள். புள்ளி நகர்ந்தது.

புள்ளி பாலத்தை நெருங்கும்போது குண்டூசியின் அம்மா கூப்பிட்டாள். வழக்கமான குரல் இல்லை.

“அக்கா, பாப்பா எங்க?”

“இறங்கிட்டாளேம்மா. மெசேஜ் வந்திருக்குமே.”

“வந்துச்சு. கீழ்வீட்ல கேட்டா பாப்பா வரவே இல்லைன்னு சொல்றாங்க. அவங்க இப்பதான் கடையிலேருந்து வந்தாங்களாம். மாடிக்கும் போய்ப் பாத்துட்டாங்க. தெருவிலயும் இல்லையாம்.”

இறங்கிவிட்டாள் என்று இன்னொரு தடவை சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள். இறங்கியதை யார் பார்த்தது? அவள் பார்த்தது ஒரு புள்ளி நின்றதை. பூட்டிய வீட்டில் அவர் பிள்ளையை இறக்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன, வீட்டில் ஆளில்லாததைப் பார்த்து, மழைக்குப் பயந்து, ஓடிப் போய் உள்ளே நில்லு என்று அனுப்பியிருந்தால்? குண்டூசி வேறு வீட்டுக்குள் போகிறேன் என்று குதித்து ஓடியிருந்தால்? அவரைக் கேட்கலாமென்றால் அவருடைய போன் அவள் மடியில் இருக்கிறது.

“அண்ணன்கிட்ட குடுங்க. அவரு சொல்லட்டும்,” என்றாள் அந்த அம்மா.

இதைத்தான் யாரும் கேட்டுவிடக் கூடாது என்று ஒரு மாதமாக அவள் பயந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் ஒப்பந்தம் போய்விடும். வண்டி போய்விடும், மறுபடி பசி போய்விடும், தூக்கம் போய்விடும். ஏதாவது ஒரு பொய் சொல்லிச் சமாளிக்க வாய்க்குப் பழக்கம் இருந்தது. ஆனால் எதிர்முனையில் மூச்சு வாங்குவது கேட்டது. அந்த மூச்சுக்கு முன்னால் பொய் எழும்பவில்லை.

“நான் வண்டியில இல்லம்மா. வீட்ல இருக்கேன். போனும் இங்கதான் இருக்கு. அவருகிட்ட இல்ல.”

“அப்ப இறங்கியாச்சுன்னு எப்படிப் போட்டீங்க?”

“புள்ளி நின்னுச்சு. அதான் போட்டேன்.”

போன் கட்டாகிவிட்டது.

அவள் புள்ளியைப் பார்த்தாள். பாலத்துக்குப் பக்கத்தில், எந்தப் பிள்ளையின் வீடும் இல்லாத இடத்தில் நின்றிருந்தது. நகரு, நகரு என்றாள், மாட்டை விரட்டுவதுபோல. நகரவில்லை. அதற்குள் மற்றவர்கள் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், வண்டி ஏன் பாலத்தில் நிற்கிறது என்று. ஒவ்வொரு அழைப்பும் வந்து திரையை மூடியது, புள்ளி மறைந்தது. கட் பண்ணினாள். அடுத்தது வந்தது, அதையும் கட் பண்ணினாள். ஒரு அழைப்பைக்கூடத் தவறவிடாதவள் அன்று சரமாரியாகக் கட் பண்ணினாள். ஒரே ஒரு தரம் அந்தப் புள்ளியைத் தெளிவாகப் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது. இத்தனை நாளாகத் தன் உயிரை எடுத்தவர்களும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. உறைத்து என்ன பிரயோஜனம்? செருப்பைக்கூடப் போடாமல் மழையில் இறங்கிப் பாலத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். போனை முந்தானையில் மூடிக்கொண்டு, மூடினால் தெரியவில்லை என்று திறந்து, நனைகிறது என்று மறுபடி மூடி. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

தெரு தாண்டுவதற்குள் புள்ளி நகர்ந்தது. ஒரு வீட்டில் நின்றது, இன்னொரு வீட்டில் நின்றது. அவள் எதையும் அமுக்கவில்லை. பிறகு அவள் இருக்கும் பக்கமாகவே திரும்பியது. அவள் நடுத்தெருவில் நின்றாள். வேன் மெதுவாகத் திருப்பத்தில் வந்தது. முன்சீட்டில், வேன் மாமாவின் துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, பன்னைக் கடித்தபடி குண்டூசி உட்கார்ந்திருந்தது.

அவர் இறங்கி வந்து, என்ன இப்படி நனைஞ்சுக்கிட்டு நிக்கற என்றார். கீழ்வீட்டில் ஆளில்லையாம், வழக்கம்போலப் பிள்ளையைக் கூடவே வைத்துக்கொண்டாராம். பாலத்துக்கடியில் தண்ணீர் தேங்கி எல்லா வண்டியும் நின்றுவிட்டதாம். மற்றவர்களை இறக்கிவிட்டு, குண்டூசியின் அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், போன் வீட்டில்தானே இருக்கிறது என்று இங்கே வந்தாராம். சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். அவள் நனைந்த கையோடு குண்டூசியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தை கை சில்லுன்னு இருக்கு என்று அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அந்த அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னார்கள், அவள் வாடகை வண்டி பிடித்து இவர்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். கம்பெனி அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. பிள்ளையைத் தூக்கி இறுக்கிக்கொண்டாள், அது மூச்சு முட்டுது என்று கத்தியது. பிறகு தையல் துணிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து திட்ட ஆரம்பித்தாள். நியாயமான திட்டு. பிள்ளையை நம்பி அனுப்பினால் வீட்டில் உட்கார்ந்து பொத்தான் அமுக்குவீர்களா, நாளைக்கே பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடுகிறேன், இந்த வண்டியே வேண்டாம். இருவரும் குனிந்த தலை நிமிரவில்லை.

அவள் ஓய்ந்ததும் வேன்காரர் பேசினார்.

“தப்பு என்னுதுதாம்மா. இவ என்னக் காப்பாத்தப் போய் மாட்டிக்கிட்டா. போன் பையில இருந்தா எனக்குக் கை நடுங்குது. பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு நடுங்கற கையால ஓட்டப் பயமா இருந்துச்சு. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இப்படிப் பண்ணிட்டோம்.”

அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இன்னும் முகத்தில்தான் இருந்தது, ஆனால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெம்பு இல்லை.

“நான் மட்டும் சும்மாவா கூப்பிடறேன்?” என்றாள். “வேலை நேரத்துல எங்க போனத் தொடவே கூடாது. பாத்ரூம் போறேன்னு பொய் சொல்லிட்டுப் போய்ப் புள்ளியப் பாக்கறேன். அது ஓடுச்சுன்னாதான் திரும்ப வந்து அடுத்தவங்க திட்டறதக் கேக்க முடியுது. இல்லன்னா முடியல.”

பிள்ளையின் தலையிலிருந்த துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு, இனிமேல் பிள்ளை இறங்குவதைக் கண்ணால் பார்க்கிறவர்தான் பொத்தானை அமுக்க வேண்டும், அதற்குச் சம்மதமென்றால் பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை என்றாள். வேன்காரர் தலையாட்டினார். அவளே தன் போனை எடுத்துப் பெற்றோர் குழுவில் எழுதினாள், வண்டி ஓடும்போது யாரும் கூப்பிட வேண்டாம், ஓட்டுகிறவர் ஓட்டட்டும் என்று. எழுதி அனுப்பிவிட்டு, தூங்கி வழிந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வண்டியிலேயே போய்விட்டாள்.

வீடு அமைதியானது. தலையைத் துவட்டிக்கொண்டு, அவர் போட்ட டீயை அவள் கையில் வாங்கினாள். டம்ளர் அவள் கையில் நிற்காமல் டீ ததும்பியது. அவர் அதைப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டார் என்பதை அவளும் பார்த்தாள்.

மிஷின்மேல் இருந்த போன் டிங் என்றது. நல்ல யோசனை, என்று யாரோ எழுதியிருந்தார்கள். டிங். சரி. டிங், டிங், கட்டைவிரல்கள். டிங். நானும் இதைத்தான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தேன். யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எழுதியதற்கு ஊரே கூடிச் சம்மதம் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு ஒருவர் கேட்டார், ஏன், என்ன ஆச்சு? அதைப் பார்த்து இன்னொருவர், வண்டிக்கு ஏதாவது ஆச்சா? டிங், டிங், டிங்.

“நாளையிலேருந்து நானே எடுத்துட்டுப் போறேன்,” என்றார் அவர்.

“உங்களால முடியாதுங்க.”

“உன்னால முடியுதா?”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“முடியலங்க,” என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

அப்போது போன் அடித்தது. இந்தத் தடவை டிங் இல்லை, முழுசாக அடித்தது. அழுகையோடு அழுகையாக அவள் கை தானாக அதை நோக்கிப் போனது. அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இத நான் எடுக்கறேன். அடுத்தது நீ எடு,” என்றார்.

எடுத்தார். நெற்றியில் வியர்வை பொடித்தது, குரல் ஒருதரம் தடுமாறியது. வேன்காரன்தான் பேசறேங்க, எல்லாப் பிள்ளையும் வீட்டுக்குப் போயாச்சு, நான் கண்ணால பாத்தேன் என்றார். வைத்தார். மூச்சை விட்டார். அவள் கையை அவர் இன்னும் விடவில்லை.

போன் மறுபடியும் அடித்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.